ஞானஸ்நானம் எடுத்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்புங்கள்

வட சென்னையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். சபை நடத்தும், அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் 19 வருடமாக வேலை செய்கிறார். பள்ளியின் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்துக்கு அவர்தான் பொறுப்பு. ஆறு பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது.

கடந்த ஈஸ்டர் அன்று அவருடைய ஐக்கியத்தைச் சேர்ந்த 7 மாணவர்கள் ஞானஸ்நானம் எடுத்தார்கள். வளர்ந்த பிறகே ஞானஸ்நானம் கொடுக்கும் சபை அது. 4 பேர் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள். 2 பேர் அக்கா, தம்பி. அவர்களுடைய அம்மா பல வருடமாகச் சபைக்கு வருகிறவர். அப்பா வருவதில்லை, ஆனால் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். ஏழாவது ஆள் இப்போது பிளஸ் ஒன் படிக்கும் 16 வயதுப் பையன். அம்மாவும் அப்பாவும் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்கள். அவன் வியாசர்பாடியில் ஆயாவோடு (பாட்டியோடு) இருக்கிறான். படிவத்தில் ஆயா கைநாட்டு வைத்தார். பெற்றோருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

"முதல் இரண்டு மாதம் ஏழு பேரும் ஓடி ஓடி வந்தார்கள். இப்போது சனிக்கிழமைக் கூட்டத்துக்கு மூன்று பேர்தான் வருகிறார்கள். நான் எங்கே தவறினேன்?" என்று கேட்கிறார். வேதாகம வகுப்புக்கு வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் வைத்துவிடலாம் என்கிறார் கரஸ்பாண்டென்ட். ஆண்டுவிழாவில் ஏழு பேரும் மேடையேறி, தாங்கள் விசுவாசத்துக்கு வந்த கதையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்கிறார் போதகர். 9ஆம் வகுப்பு படிக்கும் அந்த அக்கா வெள்ளிக்கிழமைதோறும் சாப்பிடாமல் உபவாசம் இருக்கிறாள். "ஞானஸ்நானம் எடுத்தும் அம்மா மேல் கோபம் வருகிறது, நான் இரட்சிக்கப்படவில்லையோ" என்று அழுகிறாள். பையனோ ஆடி மாதம் தெருவில் கூழ் ஊற்றியபோது வாங்க மறுத்துவிட்டான். ஆயா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. "அதை அவனுடைய விசுவாசத்தின் முதல் வெற்றி என்று நான் பாராட்டினேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். கடைசியில் சின்னதாக ஒரு கேள்வி: பையனுடைய பிறந்தநாளுக்கு, ஞானஸ்நானத்தில் வைத்த புதுப் பெயரைப் பொறித்து ஒரு வேதாகமம் கொடுக்கலாமா?

அன்புள்ள டீச்சர்,

'இப்போது சந்தேகமாக இருக்கிறது' என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிதான் என்னை நீளமாகப் பதில் எழுத வைத்தது. 19 வருடம் பிள்ளைகளைப் பார்த்த கண் காரணமில்லாமல் சந்தேகப்படாது. நான் பள்ளிகளோடும் குடும்பங்களோடும் வேலை செய்யும் மனநல ஆலோசகர். நானும் சபையில் வளர்ந்தவள்தான். அதனால் உங்கள் கேள்விகளை வெளியே நின்று பார்க்க என்னால் முடியாது, பார்க்கவும் விரும்பவில்லை.

ஏழு, மூன்றானது பற்றி

இதைப் பின்மாற்றம், அதாவது விசுவாசத்தில் பின்வாங்குவது, என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு கோடை விடுமுறை. புதுத் துணி, எல்லோரும் தலையில் கை வைத்து வாழ்த்திய சந்தோஷம், கையில் நிறைய நேரம். ஜூனில் பள்ளி திறந்தது. டியூஷன் தொடங்கியது, காலாண்டுத் தேர்வு வருகிறது. சனிக்கிழமை சாயங்காலம் வியாசர்பாடிப் பையன்களுக்கு ஃபுட்பால் நேரம் என்பது உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, வராதவன் விசுவாசத்தில் குளிர்ந்துவிட்டான் என்று சொல்லக் கூடாது. கிழமையை மாற்றிப் பாருங்கள். வராத நான்கு பேரிடமும் "ஏன் வரவில்லை" என்று கேட்காமல், "எப்படி இருக்கிறாய்" என்று மட்டும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இன்னொன்று. ஞானஸ்நானத்துக்கு முன்னால் ஆறு வாரம் வகுப்பு நடத்தினீர்கள், பின்னால் தனியாக எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் நிஜமான குறை. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு சபை ஒழுங்கு, ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர் 3 வருடம் கேட்டுக் கற்க வேண்டும் என்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1972இல் புதுப்பித்த முறையிலும், ஈஸ்டர் இரவில் திருமுழுக்குப் பெற்றவர்களை அதோடு விட்டுவிடுவதில்லை. ஐம்பதாம் நாள் வரும் பெந்தகோஸ்தே திருநாள் வரையிலான நாட்களை அவர்களுக்கென்றே வைத்திருக்கிறார்கள். நம் பள்ளிகளில் பெரும்பாலும் ஞானஸ்நானத்தன்று எடுத்த போட்டோவோடு வேலை முடிந்துவிடுகிறது. இதில் பிள்ளைகள் மேல் என்ன தவறு?

முதலில் பெங்களூருக்குப் போய் வாருங்கள்

உங்கள் கடிதத்தில் இந்த விஷயம் நாலாம் பக்கத்தில், இரண்டு வரியில் வருகிறது. என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல் பக்கம். மற்ற எதுவும் இதற்கு அப்புறம்தான்.

16 வயதுப் பையன், தன் வாழ்க்கையிலேயே பெரிய முடிவு என்று நினைக்கும் ஒன்றை அம்மா அப்பாவிடம் மறைத்து வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை இரவு அம்மா போன் செய்து "இன்னிக்கு எங்கடா போன" என்று கேட்டால் என்ன சொல்வான்? ஒவ்வொரு வாரமும் ஒரு பொய். சீஷனாக வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, பெற்றோரிடம் பொய் சொல்லும் பழக்கத்துக்கு அவனைத் தள்ளிவிட்டோம். "தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள், அவனைப் பாதுகாக்கத்தான் சொல்லவில்லை" என்கிறீர்கள். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் ஏழு பேருக்கும் ஒரு சபைக்கும் தெரிந்த விஷயம் எத்தனை நாள் தெருவுக்குத் தெரியாமல் இருக்கும்? பெற்றோர் அதை உங்கள் வாயால் கேட்பது வேறு, பக்கத்து வீட்டுக்காரர் வாயால் கேட்பது வேறு.

லூக்கா 2ஆம் அதிகாரத்தை உங்கள் ஐக்கியத்தில் கட்டாயம் படித்திருப்பீர்கள். 12 வயதில் இயேசு தேவாலயத்தில் தங்கிவிட, மரியாளும் யோசேப்பும் தவித்துத் தேடுகிறார்கள். 'பிதாவின் காரியம்' என்று அவர் சொல்லும் பதிலோடு நாம் பிரசங்கத்தை முடித்துவிடுகிறோம். அதற்கு அடுத்த வசனங்களையும் படியுங்கள். அவர் அவர்களோடு நாசரேத்துக்குத் திரும்பிப் போனார், அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார், ஞானத்திலும் வளர்த்தியிலும் அதிகமதிகமாய் வளர்ந்தார். வளர்ச்சி நடந்த இடம் வீடு. தேவாலயத்தில் இருந்த மூன்று நாளைப் போல எத்தனையோ மடங்கு நாட்கள் அந்த வீட்டில்தான் கழிந்தன.

பெற்றோரின் பயமும் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1837இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி சென்னை அர்மீனியன் தெருவில் ஒரு பள்ளி தொடங்கினார். 1841இல் அங்கே படித்த ராஜகோபால் முதலிய இளைஞர்கள் ஞானஸ்நானம் எடுத்ததும் ஊரே கொதித்தது. பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டங்கூட்டமாக நிறுத்திக்கொண்டார்கள். நூற்றுக்கணக்கில் இருந்த பள்ளி சில பத்துப் பேராகச் சுருங்கியது. அந்த ராஜகோபால் பின்னால் போதகர் ஆனார் என்பதை நாம் பெருமையாகச் சொல்வோம். ஆனால் அன்று சென்னையில் பிள்ளையின் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போன அந்த அப்பாக்களை நாம் நினைப்பதே இல்லை. அவர்கள் மகன் தங்களை விட்டுப் போய்விடுவான் என்றுதான் பயந்தார்கள். பெங்களூரில் சித்தாள் வேலை செய்யும் அந்த அம்மாவுக்கும் நாளை அதே பயம்தான் வரும்.

சரி, எப்படிச் சொல்வது? முதலில் பையனிடம் பேசுங்கள். அவனுக்குத் தெரியாமல் எதையும் செய்ய வேண்டாம். அவன் எதற்குப் பயப்படுகிறான் என்று கேளுங்கள். அப்பா அடிப்பார் என்றால் அது எந்த அளவுக்கு என்றும் கேளுங்கள். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று அவன் சொன்னால் நீங்கள் தனியாக முடிவெடுக்காதீர்கள், 1098 குழந்தைகள் உதவி எண்ணில் பேசிவிட்டு அடுத்த அடி வையுங்கள். அப்படி இல்லையென்றால், நீங்களும் போதகரும் மட்டும் போங்கள். கரஸ்பாண்டென்ட் வர வேண்டாம். போனில் சொல்ல வேண்டாம். தீபாவளிக்கு அவர்கள் இங்கே வரும்போது சொல்லலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் வேண்டாம். வருடம் முழுக்க உழைத்துவிட்டு மகனைப் பார்க்க வருகிற நாளில் அந்த வீட்டுக்குள் இந்தச் செய்தியோடு போகக் கூடாது. காலையில் சென்ட்ரலில் ரயில் ஏறினால் மதியம் பெங்களூரில் இருக்கலாம்.

போனதும் மன்னிப்புக் கேளுங்கள். அவனுடைய விசுவாசத்துக்காக அல்ல, அவர்களைக் கேட்காமல் செய்ததற்காக. "உங்கள் பையன் விஷயத்தில் உங்களைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, தப்பு எங்களுடையது" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். 'ஆனால்' என்று தொடராதீர்கள். அவர்கள் திட்டலாம். டிசி கேட்கலாம். கேட்டால் தடை சொல்லாமல் கொடுக்கச் சொல்லுங்கள். "18 வயதாகும் வரை சர்ச்சுக்குப் போகக் கூடாது" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள், பையனையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு வருடம் காத்திருக்கும் விசுவாசம் செத்துப்போகாது. மனதுக்குள் ஜெபிப்பதை யாரும் தடுக்க முடியாது. உங்களுக்கு இது பெரிய இழப்பாகத் தெரியும். எனக்கும் அவனை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வேறு நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

சட்டத்தில் நீங்கள் தவறாக நினைத்திருப்பவை

நான் வழக்கறிஞர் அல்ல. பள்ளிகளோடு வேலை செய்கிறவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். சபையின் வழக்கறிஞரிடம் கட்டாயம் ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள்.

"தமிழ்நாட்டில் மதமாற்றத் தடைச் சட்டம் இல்லை, அதனால் பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி. 2002இல் வந்த சட்டம் 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இரண்டாம் பாதி சரியல்ல. மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தருகிறது. ஆனால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இலேயே சொல்லிவிட்டது. அப்புறம், 18 வயது ஆகாதவனுக்கு அம்மாவும் அப்பாவும் உயிரோடு இருக்கும்போது ஆயாவின் கைநாட்டு அவர்களுடைய சம்மதம் ஆகாது. புகார் என்று வந்தால் முதலில் விசாரணைக்கு இழுபடப்போவது அந்த வயதான அம்மாதான். அவருக்கு என்ன படிவம் என்றாவது படித்துக் காட்டினீர்களா?

கரஸ்பாண்டென்ட் சொல்லும் வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் நடக்கக் கூடாத காரியம். சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமை 30ஆம் பிரிவில் இருக்கிறது, உண்மை. ஆனால் அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் எந்தப் பள்ளியிலும், மைனர் மாணவரைப் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதமில்லாமல் மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது என்று 28ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஞானஸ்நானம் எடுத்துவிட்டான் என்பதற்காக இது மாறாது. சட்டத்தை விடுங்கள். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த வசனம் பரீட்சை முடிந்ததும் எங்கே போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

பையனின் குடும்பம் ஆதிதிராவிடர் சமூகம் என்று சொல்லியிருக்கிறீர்கள். இதைப் பற்றி அவனிடம் யாராவது ஞானஸ்நானத்துக்கு முன்னால் பேசினார்களா? 1950ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியருக்கும், 1990 முதல் பௌத்தருக்கும் மட்டும்தான். கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். அதாவது 18 சதவீத ஒதுக்கீட்டிலிருந்து 26.5 சதவீதப் பிரிவின் பெருங்கூட்டத்துக்குள் போகிறார். மாநில அரசின் சில கல்வி உதவித்தொகைகள் மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கும் உண்டு. ஆகவே எல்லாமே போய்விடும் என்பதும் தவறு, ஒன்றும் ஆகாது என்பதும் தவறு. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு புதுச்சேரி வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே வேலைக்காக மட்டும் பட்டியல் சாதிச் சான்று கேட்பது அரசியலமைப்பின் மேல் செய்யும் மோசடி என்று சொல்லியிருக்கிறது.

இந்த நிலை நியாயம் என்று நான் நினைக்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்ததும் சாதி ஒருவனை விட்டுவிடுவதில்லை. சபைக்குள்ளேயே விடுவதில்லை என்பது நம் இருவருக்கும் தெரியும். தலித் கிறிஸ்தவர்களுக்கும் அந்த அந்தஸ்து வேண்டும் என்று 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானமும் போட்டது. ஆனால் அவனுக்கு இன்றைக்கு இருக்கும் சட்டம்தான் சட்டம். அதனால் அவனையும் பெற்றோரையும் ஒரு வழக்கறிஞர் முன்னால் உட்கார வைத்து இதைத் திறந்து பேசுங்கள். சான்றிதழ் விஷயத்தில் "யாருக்கும் தெரியாது, விடு" என்று சபையில் யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

கூழும் ஆயாவும்

படைத்ததைச் சாப்பிடலாமா என்பது வேதாகமக் காலத்துக் கொரிந்து சபையிலேயே சண்டையாக இருந்த கேள்வி. அப்போஸ்தலன் பவுல் அதற்கு மூன்று அதிகாரம் எழுதினார். முன்னால் வைத்ததை எதுவும் கேட்காமல் சாப்பிடு என்றும் சொல்கிறார், இது படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவர் பொருட்டு வேண்டாம் என்றும் சொல்கிறார். இறையியல் முடிவைப் போதகரிடம் விடுகிறேன். நான் பார்ப்பது வேறு.

அந்தக் கூழ் ஆயாவுக்கு வெறும் படையல் இல்லை. அவர் வளர்ந்த தெரு, அவர் பொறுப்பெடுத்து வளர்த்த பேரன், பக்கத்து வீட்டார் முன்னால் அவருடைய மரியாதை எல்லாம் அந்தச் சொம்பில் இருந்தது. பையன் மறுத்ததைவிட மறுத்த விதம்தான் அவரைக் குத்தியிருக்கும். "இது பிசாசுக்குப் படைத்தது" என்று தெருவில் நின்று சொன்னான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வார்த்தை அவனுடையது இல்லை டீச்சர். யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. அது யார் என்று பாருங்கள், அவரிடம் பேசுங்கள். மற்றவர் வணங்குவதை இழித்துப் பேசக் கற்றுக்கொடுப்பது சீஷத்துவத்தில் சேராது. நீங்களும் அவனைப் பாராட்டியதை அவனிடமே திருத்திச் சொல்லுங்கள். பெரியவர்கள் தங்கள் வார்த்தையைத் திரும்பப் பெறுவதைப் பார்ப்பதும் அவனுக்கு ஒரு பாடம்தான்.

அடுத்த ஆடிக்கு அவன் கூழ் குடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவன் மனசாட்சி வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் முந்தின நாளே ஆயா பக்கத்தில் உட்கார்ந்து, "ஆயா, எனக்கு மனசு ஒப்பல, கோச்சுக்காத, ஆனா தண்ணி தூக்கித் தர்றேன், சொம்பு கழுவித் தர்றேன்" என்று சொல்லலாம் இல்லையா? இப்போதைக்கு அவன் ஆயாவிடம் மன்னிப்புக் கேட்கட்டும். ரேஷன் கடைக்கு அவனே போகட்டும். தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடம் இருந்தது என்று பவுல் எழுதுகிறார். இந்தப் பையனின் ஆயா வேறு நம்பிக்கைக்காரர். இருந்தாலும் அவனை உங்கள் பள்ளி வாசல் வரைக்கும் வளர்த்துக் கொண்டுவந்தது அவருடைய கைதான்.

மேடை வேண்டாம்

இதில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு 15 வயதில் ஒரு நற்செய்திக் கூட்டத்தில் மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைத்தார்கள். நன்றாகப் பேசினேன். எல்லோரும் அழுதார்கள், என் அம்மாவும் அழுதார். இரண்டு வருடம் கழித்து அப்பா இறந்தபோது எனக்கு ஜெபிக்கவே வரவில்லை. கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வி இரவெல்லாம் ஓடியது. யாரிடம் சொல்வேன்? நான் 'சாட்சி சொன்ன பிள்ளை' ஆயிற்றே. வருடக்கணக்கில் வெளியே பாடிக்கொண்டும் உள்ளே வறண்டும் இருந்தேன். அந்த மேடை இல்லாதிருந்தால் யாராவது ஒருவரிடம் போய் அழுதிருப்பேன்.

13, 15 வயதில் சொன்ன வார்த்தைகளுக்கு ஒரு பிள்ளையை வாழ்நாள் முழுக்க ஜாமீன் நிற்க வைக்காதீர்கள். அதுவும் மற்ற மதத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் உட்கார்ந்திருக்கும் ஆண்டுவிழாவில். போதகர் ஐயா நல்ல மனதோடுதான் கேட்கிறார். அவரிடம் நேராகச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் இந்தப் பதிலைக் கொடுங்கள்.

வெள்ளிக்கிழமை உபவாசம்

இதை உடனே நிறுத்த வேண்டும். அந்த அக்கா வளரும் வயதுப் பெண், மாதவிடாய் காலம், ரத்தசோகை நம் பெண்பிள்ளைகளிடம் எவ்வளவு சாதாரணம் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லுங்கள். அவளிடம் "உன் வயதில் உபவாசம் கடமை இல்லை, சாப்பிட்டுவிட்டு வா, சேர்ந்து ஜெபிக்கலாம்" என்று சொல்லுங்கள்.

அம்மா மேல் கோபம் வருவது 14 வயதின் இயல்பு. தண்ணீரில் முங்கி எழுந்ததும் வயதின் கோபம் எல்லாம் போய்விடும் என்று யாரோ அவளை நம்ப வைத்திருக்கிறார்கள். கோபம் வரும், வந்தபின் அம்மாவிடம் போய்ப் பேசக் கற்றுக்கொள்வதுதான் அவள் வயதுக்குரிய வேலை. ஆனால் கவனமாக இருங்கள். ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுவது, தூங்காமல் இருப்பது, சாப்பாட்டை வேறு நாட்களிலும் தவிர்ப்பது, "நான் இருந்து என்ன பயன்" என்பது, இதில் எது தெரிந்தாலும் ஜெபத்தோடு நிறுத்திவிடாமல் மருத்துவ உதவிக்குப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் வெளிநோயாளர் பிரிவு இருக்கிறது. அந்தப் பேரைக் கேட்டுக் கூச வேண்டாம், பல்வலிக்குப் போவது போலப் போகலாம்.

அப்புறம், வாரா வாரம் என்ன செய்வது

பெற்றோர் சம்மதம் எழுத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம். வாரம் ஒன்று படித்தால் ஏறக்குறைய அரையாண்டுத் தேர்வுக்குள் முடியும். நீங்கள் விளக்க வேண்டாம். வாசித்துவிட்டு "இதில் உனக்கு எது புரியவில்லை, எது பிடிக்கவில்லை" என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்று சொல்லவும் அங்கே இடம் வேண்டும். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். 40 நிமிடம் போதும், கொஞ்சம் சுண்டல் இருந்தால் நல்லது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் சபையில் ஒரு பெரியவர் வேண்டும். பாடம் நடத்தி மார்க் போடும் ஆசிரியர் வேண்டாம், அந்த அதிகாரம் இடையில் நிற்கும். பெண்பிள்ளைக்குப் பெண், பையனுக்கு ஆண். பெற்றோருக்கு அவர் யாரென்று தெரிந்திருக்க வேண்டும், முடிந்தால் வீட்டுக்கு வந்து ஒரு டீ குடித்திருக்க வேண்டும். பேசுவது திறந்த கதவுக்குள், இன்னொருவர் கண்ணில் படும் இடத்தில். இரவு நேர வாட்ஸ்அப் கூடாது. நீங்கள் தினமும் காலை வசனம் அனுப்புவதைக்கூடப் பெற்றோர் எண்ணுக்கே அனுப்புங்கள். பாலியல் தொந்தரவு பற்றி ஒரு பிள்ளை வாய் திறந்தால், அதை ஜெப ரகசியம் என்று வைத்துக்கொள்ள யாருக்கும் அனுமதியில்லை. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பெரியவர்களிடம் இதை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஏழு பேரையும் மற்ற மாணவர்களிடமிருந்து பிரித்து ஒரு தனிக் கூட்டமாக ஆக்கிவிடாதீர்கள். மதிய இடைவேளையில் அவர்கள் எப்போதும் யாரோடு சாப்பிட்டார்களோ அவர்களோடுதான் சாப்பிட வேண்டும்.

பெயரும் வேதாகமமும்

ஞானஸ்நானத்துக்குப் பிறகு வகுப்பிலும் அவனைப் புதுப் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். பள்ளிப் பதிவேட்டிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பழைய பெயர்தான் இருக்கிறது. அரசிதழில் மாற்றாமல் அது மாறாது, அதை மாற்றுவதா என்பதை 18 வயதுக்கு அப்புறம் அவனே முடிவு செய்யட்டும். பெயர் மாறினால்தான் கிறிஸ்தவன் என்பதும் இல்லை. ரோமர் 16ஆம் அதிகாரத்தில் பவுல் குறிப்பிடும் பெபேயாள், எர்மே, நேரே இதெல்லாம் கிரேக்கத் தெய்வங்களின் பெயர்கள்தான். பவுல் யாரையும் மாற்றச் சொல்லவில்லை. 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் எடுத்த கவிஞர் கிருஷ்ண பிள்ளைக்கு ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர்கள் சேர்ந்தன. கிருஷ்ணன் அப்படியேதான் இருந்தார்.

வேதாகமம் கொடுங்கள், ஆனால் பெங்களூர் போய் வந்த பிறகு. சட்டைப்பைக்குள் வைக்கிற மாதிரி சின்னதாக, அட்டையில் எழுத்துப் பொறிக்காமல் இருக்கட்டும். பெற்றோர் வேண்டாம் என்றால் அவர்களே வாங்கிக்கொள்ளச் சொல்லும் நாள் வரை உங்கள் மேசை டிராயரில் வைத்திருங்கள். முதல் பக்கத்தில் அவனுடைய அம்மாவும் அப்பாவும் வைத்த பெயரை எழுதுங்கள்.